பாவசங்கீர்த்தனத்தை முகம் பார்த்துச் செய்வீர்களா, திரைக்குப் பின்னால் செய்வீர்களா?

கத்தோலிக்கர்களான நாம் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் இந்தச் சடங்கை நான் செய்வது திரைக்குப் பின்னால்தான். அதுவும், முடிந்தவரை என்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம்.

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. பங்குச் சாமியார் உங்கள் குடும்பத்துக்கு ரொம்ப நெருக்கம், அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, வேறு கோவிலுக்குப் போய்ச் சொன்னால் அது கோழைத்தனமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இதே வார்த்தையை ஒருவர் என்னிடம் சொல்லி, அதை நம்பி ஒரு வருடத்துக்கு மேல் வீணாக்கியவன் நான். அநேகமாக உங்கள் மனதிலும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மற்றதையெல்லாம் சொல்லி, அதை மட்டும் விட்டுவிட்டு எழுந்து வருகிறீர்கள். தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

'அதெல்லாம் முறையில்லை' என்று யாராவது வருவார்கள் என்பதால் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இறையியல் படித்தவன் இல்லை. தேவைப்பட்டபோது திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்து வாசித்தவன், அவ்வளவுதான். 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 991-ஆம் எண்ணின்படி, முறையாக அனுமதி பெற்ற எந்தக் குருவிடமும் நாம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். அவர் கத்தோலிக்கத்திலேயே வேறு வழிபாட்டு முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி. நமக்கும் குருவுக்கும் நடுவே நிலையான கிராதி, அதாவது துளைகளிட்ட தடுப்புத் திரை, உள்ள இடம் எப்போதும் இருக்க வேண்டும், விரும்புகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று 964-ஆம் எண் சொல்கிறது. முகம் பார்த்துச் சொல்லும் வழக்கம் பரவியதே 1973-இல் பாவசங்கீர்த்தனத்துக்கான புதிய ஒப்புரவுச் சடங்குமுறை வந்த பிறகுதான். நாம் எதிரில் உட்கார்ந்து சொல்ல விரும்பினாலும், கிராதி வழியாகத்தான் கேட்பேன் என்று சொல்லக் குருவுக்கும் உரிமை உண்டு. 1998-இல் வத்திக்கானே அதைத் தெளிவுபடுத்திவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ இந்தக் கிராதி வைத்த தொட்டியை, அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டை, ஊன்றிப் பரப்பினார். கோழைகளுக்காக அவர் அதைச் செய்யவில்லை.

இனி என் கதை.

அம்மாவுக்கு மறதி நோய். கடைசி மூன்று வருடங்கள் நான்தான் பார்த்துக்கொண்டேன். இரவில் ஐந்தாறு முறை எழுந்து, வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாசல் கதவைத் திறக்கப் போவார். இருப்பதே நம் வீட்டில்தான் என்று சொன்னால் ஏறாது. ஓர் இரவு, நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து கட்டிலில் உட்கார வைத்தேன். உட்கார வைத்தேன் என்று எழுதுவதே பொய். தள்ளினேன்.

காலையில் பார்த்தால் மணிக்கட்டில் கன்றிப் போயிருந்தது. நான்கு விரலும் கட்டைவிரலும் தனித்தனியாகத் தெரிந்தன. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எப்படிப்பா வந்துச்சு?" என்று கேட்டார். "கட்டில் கம்பியில இடிச்சுக்கிட்டீங்கம்மா" என்றேன். "அப்படியா" என்று நம்பிவிட்டார். மறந்து மறந்து அன்றைக்கு மட்டும் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் அதே பொய்யைச் சொன்னேன்.

பங்குச் சாமியார் மாதத்தின் முதல் வெள்ளி தவறாமல் அம்மாவுக்கு நற்கருணை, அதாவது பூசையில் கிறிஸ்துவின் உடலாக வழங்கும் அப்பம், கொண்டுவருவார். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த முறை வந்தபோது அம்மாவுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, "இப்படி ஒரு பிள்ளை கிடைக்க அம்மா கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார். அடுத்த ஞாயிறு மறையுரையில், பெயர் சொல்லாமல், என்னை உதாரணமாகவும் காட்டினார். கோவிலில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்தத் தவக்காலத்தில் அவரிடமே போனேன். எதிரெதிரே இரண்டு நாற்காலி. நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கண்ணில் அந்தப் பிரியம் தெரிந்தது. "கோபப்பட்டேன் சாமி" என்றேன். "அந்த நிலைமையில யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்" என்று ஆறுதல் சொல்லி, பாவப்பொறுத்தல் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நான் சொன்னதற்கு அவர் பதில் சொன்னார்.

கனமான பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது என்று, முதல் நற்கருணைக்கு முன் நடக்கும் புதுநன்மை வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அந்த நிலையில் வாங்கக் கூடாது என்று தெரிந்தே நற்கருணை வாங்கினேன். வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர் மாமன்றம் விதித்ததைக் கணக்குப்படி நிறைவேற்றியும்விட்டேன். அப்போதுதான் செபக்கூட்டத்தில் மூத்தவர் ஒருவரிடம் பட்டும் படாமலும் கேட்டேன், வேறு கோவிலுக்குப் போய்ச் சொல்லலாமா என்று. "முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதவன் கோழை. தாழ்ச்சி இல்லை என்று அர்த்தம்" என்றார். சரி, தைரியம் வந்ததும் பங்குச் சாமியாரிடமே சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அம்மா போய்விட்டார்.

இறுதிச் சடங்கு முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு வேலையாக வேறு ஊருக்குப் போன இடத்தில் கோவில் திறந்திருந்தது. தொட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யோசிக்கவில்லை, போய் மண்டியிட்டேன். கிராதிக்கு அந்தப் பக்கம் ஒரு காதும், கழுத்தில் போட்டிருந்த ஊதாத் துணியின் ஓரமும் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் காதுக்கு நான் நல்ல பிள்ளையும் இல்லை, கெட்ட பிள்ளையும் இல்லை. சொல்லிவிட்டேன். மணிக்கட்டு, முழுக்கைச் சட்டை, கட்டில் கம்பி, பங்குச் சாமியாரிடம் மறைத்தது, எல்லாம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை முறை?"

இதைப் படித்தால் சிலருக்குக் கோபம் வரும், இரக்கமே இல்லையா என்று. எனக்கு அந்தக் கேள்விதான் இரக்கமாக இருந்தது. அதுவரை என் பாவத்தைப் பாவமாக யாருமே எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள் அல்லது தேற்றினார்கள். "கை வைத்தது மூன்று முறை. பொய் சொன்னதற்குக் கணக்கில்லை சாமி" என்றேன். மனத்துயர் செபம் பாதியில் மறந்துபோய், அவர் எடுத்துக்கொடுக்கத்தான் முடித்தேன்.

அவர் தந்த அறிவுரையை எழுத மாட்டேன். இரகசியம் காக்கும் கடமை அவருக்குத்தான், அதை நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார். எனக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் சில வார்த்தைகள் எனக்குள்ளேயே இருக்கட்டும்.

முகம் பார்த்துச் சொல்கிறவர்களை நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். 2014 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸே புனித பேதுரு பேராலயத்தில் எல்லார் கண்முன்பும் ஒரு குருவின் எதிரே மண்டியிட்டார். என் தங்கைக்குக் காது சரியாகக் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். அவளுக்குக் கிராதி என்பது சுவர். அவள் பல வருடங்களாக ஒரே சாமியாரிடம், எதிரில் உட்கார்ந்துதான் சொல்கிறாள். போன முறை சொன்னதை அவர் நினைவு வைத்திருப்பதுதான் தனக்குப் பலம் என்பாள். அவளுக்கு அது சரி.

'குருவே எதற்கு, கடவுளிடம் நேராகச் சொல்லலாமே' என்று வருகிறவர்களுக்கு இங்கே பதில் சொல்லப் போவதில்லை. கேள்வி அதுவல்ல.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் ஒரு பாவப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே, அதை யாராவது நிறுத்த வேண்டும். என் மகள் "தம்பியிடம் சண்டை போட்டேன்" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தம்பியே கிடையாது. ஏன் சொல்கிறாய் என்றால், "டீச்சர் கொடுத்தது, ஒன்றையும் விடக் கூடாது" என்கிறாள். நானும் அப்படி ஒரு பட்டியலோடு வளர்ந்தவன்தான். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், செபிக்க மறந்தேன். நாற்பது வயதில், அம்மாவின் கையைக் கன்ற வைத்த பிறகும், என் வாயில் வந்தது அந்தப் பட்டியலின் இரண்டாவது வரிதான். பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்து, உனக்கு எது உறுத்துகிறது என்று கேட்டால் போதும். அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் கிராதி உள்ள கோவிலாகப் பார்த்துப் போங்கள். பூசைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போகாதீர்கள், பின்னால் வரிசை நிற்கும், வாய் தானாகச் சுருக்கிவிடும். "சொல்லக் கஷ்டமான ஒன்று இருக்கிறது சாமி, உதவி செய்யுங்கள்" என்று அதிலிருந்தே தொடங்குங்கள். மற்றதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்குக் கிடைத்த பரிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னைப் போல நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் யாருக்காவது ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கக் கொடுக்க வேண்டும் என்றார். தெரிந்த குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு இதே நோய். மகனைத் தூங்கப் போகச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு எழுந்து, வீட்டுக்குப் போகணும் என்று கதவுக்குப் போனார். கதவைத் திறந்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். முனை வந்ததும் அவரே திரும்பினார். வீட்டைப் பார்த்ததும், "வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.