வார்பேண்டில் தளபதியாக ஆடுவது: கேள்வி பதில்

மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட் தெரியாதவர்களுக்கு நாலு வரி. துருக்கியின் அங்காராவில் உள்ள டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட விளையாட்டு இது. கால்ரேடியா என்ற கற்பனை நாட்டில் ஆறு அரசுகள் ஓயாமல் அடித்துக்கொள்ளும். நீங்கள் ஒற்றை ஆளாக உள்ளே போய் ஊர் ஊராக ஆள் சேர்த்துப் படை கட்ட வேண்டும். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் ரங்கூனில் இன்னும் பலர் இதை விடவில்லை. தானே வெட்டிச் சாய்க்காமல் படையை வைத்து ஜெயிக்கிற தளபதி கேரக்டரை எப்படிச் செதுக்குவது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

தாம்வேயிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, தளபதி கேரக்டருக்கு முதலில் எதில் பாயிண்ட் போடுவது? என் நண்பர்கள் எல்லாம் ஸ்ட்ரெங்த்தில்தான் கொட்டுகிறார்கள்.

உன் நண்பர்கள் ஆடுவது வீரன் ஆட்டம். அது வேறு கணக்கு. தளபதிக்கு அறிவைக் குறிக்கும் இன்டெலிஜென்ஸும் ஆளைக் கவரும் கரிஸ்மாவும்தான் முதல். ஸ்ட்ரெங்த், கரிஸ்மா போன்றவை பண்புகள், லீடர்ஷிப் போன்ற தனித்திறன்கள் ஸ்கில்கள். எந்த ஸ்கில்லும் அது சார்ந்த பண்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. கரிஸ்மா 12 இருந்தால் லீடர்ஷிப் 4 வரைதான் ஏறும்.

முதல் சில லெவல்களில் இன்டெலிஜென்ஸை ஏற்று. அதில் போடும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் கூடுதலாக ஒரு ஸ்கில் பாயிண்ட் கிடைக்கும், வேறு எந்தப் பண்பும் இதைத் தராது. சீக்கிரம் போட்டால் சீக்கிரம் பலன். அதற்காகக் கைகாலை மறந்துவிடாதே. தொடக்கத்தில் உன்னிடம் இருப்பது பத்துப் பதினைந்து பேர், கொள்ளைக்கூட்டம் வந்தால் நீயும் அடித்துத்தான் ஆக வேண்டும். குதிரையேற்றத்துக்கு ரைடிங் மூன்று, அடி தாங்க அயர்ன்ஃபிளெஷ் இரண்டு, கையில் ஒரு குறுக்குவில். வில்லுக்குப் பவர் டிரா என்ற ஸ்கில் தேவை, குறுக்குவில்லுக்கு அது வேண்டாம். பாயிண்ட் செலவில்லாமல் தூரத்திலிருந்து அடிக்கலாம். கனமான குறுக்குவில்லைக் குதிரை மேல் இருந்தபடி மறுபடி பூட்ட முடியாது, வாங்கும்போது அதை மட்டும் பார்த்துக்கொள்.

மோல்மேனிலிருந்து: லீடர்ஷிப்பைப் பத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கரிஸ்மாவை 30 ஆக்கிக்கொண்டிருக்கிறேன். சரிதானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படையின் அளவு இப்படி வரும்: அடிப்படை 30, கரிஸ்மாவில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஓர் ஆள், லீடர்ஷிப்பில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஐந்து ஆள், புகழ் 25க்கு ஓர் ஆள். கரிஸ்மா 18, லீடர்ஷிப் 6, புகழ் 600 என்றால் 30 + 18 + 30 + 24, மொத்தம் 102 பேர். கரிஸ்மாவை 30 ஆக்கி லீடர்ஷிப்பை 10 ஆக்கினால் அதே புகழோடு 134. கூடுதலாகக் கிடைத்தது 32 பேர், கொடுத்த விலை பன்னிரண்டு பண்புப் பாயிண்ட், அதாவது பன்னிரண்டு லெவல். அந்தப் பன்னிரண்டு லெவலும் ஆட்டத்தின் பின்பாதியில் வருபவை. ஒவ்வொன்றும் ஏறுவதற்குள் விடிந்துவிடும்.

புகழுக்கோ பாயிண்ட் செலவே கிடையாது. உன்னைவிடப் பெரிய படையை ஜெயித்தால் புகழ் ஏறும், டோர்னமென்டில் ஜெயித்தாலும் ஏறும். நான் 18இல் நிறுத்திவிடுவேன். லீடர்ஷிப்பின் பெரிய லாபம் ஆள் எண்ணிக்கையே இல்லை, சம்பளத்தில்தான் இருக்கிறது. ஒரு பாயிண்டுக்கு ஐந்து சதவீதம் கூலி குறையும். ஆறு பாயிண்ட் என்றால் முப்பது சதவீதம். வாரக் கடைசியில் கணக்குத் தாள் வரும்போது அதன் அருமை தெரியும்.

இன்செயினிலிருந்து: ஒவ்வொரு சண்டையிலும் நல்ல ஆட்களே செத்துப்போகிறார்கள். மறுபடி கிராமத்தில் போய்ப் புது ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சர்ஜரி இல்லாமல் ஆடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓர் ஆள் விழுந்தால் அவன் சாகாமல் காயத்தோடு தப்பும் வாய்ப்பு சர்ஜரியின் ஒவ்வொரு பாயிண்டுக்கும் நான்கு சதவீதம் கூடும். அதை நீங்களே கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மதுக்கடைகளில் சுற்றும் துணைவர்களில் ஜெரமஸ் என்று ஒரு வைத்தியர் உண்டு. அவரைச் சேர்த்துக்கொண்டு, லெவல் ஏற ஏற இன்டெலிஜென்ஸும் சர்ஜரியும் மட்டும் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. சர்ஜரி, டாக்டிக்ஸ், பாத்ஃபைண்டிங், என்ஜினியர் போன்றவை படைக்குப் பொதுவான ஸ்கில்கள். படையில் யாரிடம் அதிகமோ அவருடைய அளவுதான் கணக்கு. ஆனால் தலைவனிடமும் அந்த ஸ்கில் இருந்தால் மேலே போனஸ் சேரும். தலைவனுக்கு 2 இருந்தால் ஒன்று, 5 இருந்தால் இரண்டு, 8 இருந்தால் மூன்று, 10 இருந்தால் நான்கு. ஜெரமஸுக்குப் பத்து, உங்களுக்கு இரண்டு என்று வைத்தால் படைக்குப் பதினொன்று. உங்களுக்குச் செலவு வெறும் இரண்டு பாயிண்ட். இப்படி நாலைந்து ஸ்கில்லில் இரண்டிரண்டு தூவிவிட்டு, முழு வேலையைத் துணைவர்களிடம் விட்டுவிடலாம். தளபதி கேரக்டரின் சூட்சுமம் பாதி இதில் அடங்கிவிட்டது.

டிரெய்னர் இந்தக் கணக்கில் வராது. அது அவரவர் தனி ஸ்கில். வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தினமும் தன்னைவிடக் குறைந்த லெவல் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பார். நீங்களும் ஏற்றுங்கள், இரண்டு மூன்று துணைவர்களுக்கும் ஏற்றுங்கள். சண்டையே போடாமல் ஊர் சுற்றினாலும் உழவன் வீரனாகிவிடுவான்.

துணைவர்களுக்குள் ஒத்துவராத ஜோடிகள் உண்டு. கொஞ்ச நாளில் ஒருவரைப் பற்றி ஒருவர் உங்களிடம் கோள் சொல்ல ஆரம்பிப்பார்கள். மாமியார் வீட்டுப் பஞ்சாயத்து தோற்றுவிடும். ஜெரமஸை மட்டும் எந்தச் சண்டைக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தட்டோனிலிருந்து: அண்ணா, பாயிண்ட் எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறேன். ஆனால் களத்தில் இறங்கியதும் எல்லோரும் கலைந்து ஓடுகிறார்கள். கட்டளையை எப்படிக் கொடுப்பது?

நல்ல கேள்வி. ஸ்கில்லை விட இதுதான் முக்கியம்.

களம் திறந்ததும் எதிரியைத் தேடாதே, மேட்டைத் தேடு. பக்கத்திலேயே ஒரு சரிவு இருக்கும். முதல் சில விநாடிக்குள் எல்லோரையும் நிறுத்திவிட வேண்டும். எஃப்1ஐ அழுத்திப் பிடித்தால் தரையில் ஒரு கொடி தெரியும். கொடியை மேட்டின் உச்சியில் வைத்துவிட்டு விரலை எடு. மொத்தப் படையும் அங்கே போய் நிற்கும். அப்புறம் பிரிக்கலாம். 1 காலாட்கள், 2 வில்லாளிகள், 3 குதிரைகள். 1ஐ அழுத்தி, எஃப்2, எஃப்1 கொடுத்தால் காலாட்கள் மட்டும் பத்தடி முன்னே போவார்கள். இப்போது வில்லாளிகள் மேலே, கேடயக்காரர்கள் அவர்களுக்குக் கொஞ்சம் கீழே. மேலிருந்து விடும் அம்பு முன்னால் நிற்பவனின் தலைக்கு மேலாகப் போகும். சமதரையில் இதே வரிசையை வைத்தால் பாதிப் பேர் அடிக்க வழியில்லாமல் நிற்பார்கள்.

குதிரைகளை மட்டும் 3, எஃப்1, எஃப்2 என்று உன் பின்னால் வரச் சொல். நீ பக்கவாட்டில் ஒதுங்கிக் காத்திரு. எதிரி மேடேறி வந்து உன் காலாட்களோடு மோதி நின்றதும், அவன் முதுகுப் பக்கம் போய் 3, எஃப்1, எஃப்3. பாய்ச்சல். நின்றுகொண்டிருக்கும் கூட்டத்தின் முதுகில் இருபது குதிரை விழுந்தால் அதற்குப் பிறகு சண்டை நீடிக்காது. எல்லாம் காத்திருப்பதில்தான் இருக்கிறது. அம்பு பறக்கத் தொடங்கியதுமே கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்.

இன்னொன்று: படைப் பட்டியலில் ஜெரமஸ் போன்றவர்களைத் தனிக் குழுவாக மாற்றி வைக்கலாம். துணைவர்கள் இந்த ஆட்டத்தில் சாகமாட்டார்கள்தான். இருந்தாலும் வைத்தியர் முன்வரிசையில் நின்று அடிபட்டுக் கிடப்பதில் யாருக்கு லாபம்?

வட ஒக்கலாப்பாவிலிருந்து: ஆறு அரசுகளில் கெர்கிட்காரனிடம் மட்டும் தோற்கிறேன். குதிரையில் சுற்றிச் சுற்றி அம்பு விடுகிறான். நிற்கவே மாட்டேன் என்கிறான்.

சமதரையில் அவனோடு மோதினால் யார் வேண்டுமானாலும் தோற்பார்கள். அவன் பலமே சுற்றி வருவது. சுற்ற விடாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். செங்குத்துச் சரிவு நல்லது, ஆறு இன்னும் நல்லது. தண்ணீரில் குதிரை தடுமாறும், பின்னாலிருந்து வர மாட்டான். ரோடாக் அரசின் குறுக்குவில்லாளிகள் முப்பது பேர் இருந்தால் போதும், குதிரைகள் உதிரும்.

ஆற்றை முதுகில் வைப்பது என்றதும் நமக்குப் பள்ளிக்கூட வரலாறு நினைவுக்கு வரும். 1538இல் நௌங்யோ போரில் பர்மியத் தளபதி பயின்னாங் ஆற்றைக் கடந்ததும், திரும்பிப் போக வழியில்லாதபடி கடந்துவந்த பாலத்தையே அழிக்கச் சொன்ன கதை. அவர் எதிரே நின்றது தன்னைவிடப் பல மடங்கு பெரிய படை, ஜெயித்தும் காட்டினார். வார்பேண்ட் வீரர்களுக்கு அந்த மனத்துணிவு கிடையாது. மொரால் என்ற மன உறுதி இறங்கினால் ஆறோ குளமோ, விழுந்தடித்து ஓடுவார்கள். அதனால் சாப்பாட்டில் பல வகை வைத்து மொராலை ஏற்றிவிட்டுப் போங்கள். ரொட்டி மட்டும் தின்றவன் ஆற்றங்கரையில் நிற்க மாட்டான்.

யானை வாங்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கால்ரேடியாவில் யானை இல்லை.

பெகுவிலிருந்து ஒரு தங்கை: பெண் கேரக்டரில் தளபதியாக ஆட முடியுமா? கஷ்டம் என்று சொல்கிறார்களே.

முடியும்மா. ஆனால் வார்பேண்ட் அந்த வழியை வேண்டுமென்றே கரடுமுரடாக்கி வைத்திருக்கிறது. சில பிரபுக்கள் பெண் என்பதாலேயே முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கேரக்டர் உருவாக்கும்போது தகப்பனாரைப் பிரபு என்று தேர்ந்தெடு, தொடக்கத்திலேயே கொஞ்சம் புகழ் கிடைக்கும். அப்புறம் புகழை விரட்டிக்கொண்டு போ. படையும் புகழும் பெருத்த பிறகு அதே பிரபுக்களின் குரல் மாறிவிடும். அதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை அப்படி ஆடலாம். நீ இருக்கும் ஊரையே 1454 முதல் 1471 வரை ஷின் சோபு ராணி ஆண்டிருக்கிறார். தன் எடைக்கு எடை பொன் கொடுத்து ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவுக்குத் தகடு போர்த்தியவர். பேரைத் தைரியமாக அதையே வை.

வார்பேண்டுக்கு அடுத்து வந்த பேனர்லார்டு ஆட்டத்தில் இந்தப் பாகுபாடு இல்லை.

தென் ஒக்கலாப்பாவிலிருந்து: கரண்ட் எப்போது போகும் என்று தெரியவில்லை. பாதிச் சண்டையில் எல்லாம் போய்விடுகிறது. கம்ப்யூட்டரும் பழசு, திணறுகிறது.

சண்டைக்கு நடுவே சேமிக்க முடியாது, அதனால் எதிரிப் படையை வரைபடத்தில் பார்த்ததுமே சேமித்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கும்போது சேமிக்காமல் வெளியேறலாமா என்று ஒரு தேர்வு கேட்கும். ரியலிஸ்டிக் வேண்டாம், மற்றதைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் கரண்டுக்கு அதுதான் சரிப்படும்.

திணறலுக்கு, செட்டிங்ஸில் போர் அளவைக் குறைக்கலாம். அதிகபட்சம் 150 பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பார்கள். அதை 60, 70 என்று இறக்கினால் கம்ப்யூட்டர் மூச்சு விடும். இதில் தளபதிக்கு ஒரு நன்மையும் உண்டு. இரண்டு பக்கமும் முதல் அலையில் எத்தனை பேர் இறங்குவது என்பதை மொத்த ஆள் பலத்தோடு டாக்டிக்ஸும் சேர்ந்து முடிவு செய்யும். டாக்டிக்ஸ் இரண்டு பாயிண்டுக்கு ஒரு படி சாதகம் தரும். அறுபது பேர் மட்டுமே நிற்கும் களத்தில் ஐந்தாறு பேர் கூடுதலாக இருந்தாலே கண்ணுக்குத் தெரியும்.

துவாந்தேயிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, என் மகன் இதை விளையாடினால் தலைமைப் பண்பு வளரும் என்கிறான். உண்மையா?

ஐயா, உங்கள் மகன் கெட்டிக்காரன், பரீட்சை நேரத்தில் இந்தச் சாக்கைக் கண்டுபிடித்திருக்கிறானே! சொன்னபடி கேட்கும் பொம்மைகளை நடத்துவதும் மனிதர்களை நடத்துவதும் ஒன்றல்ல. வாரச் சம்பளம், சாப்பாட்டுச் செலவு, கையிருப்பு என்று கூட்டிக் கழிக்கப் பழகுவான், அது நிச்சயம். பரீட்சை முடிந்ததும் ஆடட்டும்.

மறுபடி தாம்வே தம்பி: பேனர்லார்டுக்கும் இதே கணக்குத்தானா?

கணக்கு மாறும், எண்ணம் மாறாது. 2020 மார்ச்சில் முன்னோட்டமாக வந்து 2022 அக்டோபரில் முழுதாக வெளியான ஆட்டம் அது. ஆறு பண்பு, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஸ்கில். ஸ்கில் பாயிண்டை நேரடியாகப் போட முடியாது, செய்யச் செய்யத்தான் ஏறும். நீ போடுவது ஃபோகஸ் பாயிண்ட், ஒரு ஸ்கில்லுக்கு அதிகம் ஐந்து. தளபதிக்கு சோஷியல், கன்னிங் இரண்டும் பிரதானம். லீடர்ஷிப் ஆமை வேகத்தில் ஏறும். மற்ற பிரபுக்களை அழைத்துப் பெரும்படை கூட்டி அதற்கு நீ தலைமை தாங்கினால் கொஞ்சம் ஓடும். அதற்குச் செல்வாக்கு என்று தனியாக ஒன்றைச் சேர்த்து வைக்க வேண்டும்.

வைத்தியர், பொறியாளர், ஒற்றர், பண்டகக்காரர் என்று நாலு பொறுப்புகள் உண்டு, துணைவர்களுக்குப் பிரித்துக் கொடு. படையின் அளவைக் கூட்டுவது அங்கே ஸ்டூவர்ட் ஸ்கில், ஆகவே பண்டகக்காரரை நல்லவராகப் பார்த்துப் பிடி. பல வகைச் சாப்பாடு வாங்கி வைத்தால் அவருக்கு அந்த ஸ்கில் தானாக வளரும். சண்டைக்கு முன் ஒவ்வொரு அணிக்கும் ஒரு துணைவரைக் கேப்டனாக வைக்கலாம். வார்பேண்டில் எனக்கு இல்லாமல் போன சுகம் இது. ஆனால் அங்கே துணைவர்கள் சாவார்கள், அந்த அமைப்பை நீ அணைத்து வைத்தாலொழிய. வைத்தியரைக் கேப்டனாக்கி முன்னே அனுப்பிவிடாதே.