வங்கிக்கு நகல் கொடுத்தால் ரகசிய மீறலா?

கேள்வி: சென்னை நிறுவனம் ஒன்றின் கடலுணவுக் கடையை பிரான்சைஸ் எடுத்துக் கீழக்கரையில் நடத்துகிறேன். மசாலா விவரம், கொள்முதல் விலை எதையும் வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்று அக்ரிமெண்டில் இருக்கிறது. கடனுக்காக வங்கியில் அதன் நகலைக் கேட்கிறார்கள். கொடுத்தால் கேஸ் போடுவோம் என்கிறார் ஏரியா மேனேஜர். என் மாமியாரின் நண்டு மசாலாவைத் தனியாக விற்பதும் ரகசிய மீறலாம். என்ன செய்வது? - வாசகி, கீழக்கரை

பதில்: மேனேஜர் சொன்னதில் பாதி மிரட்டல்தான். ரகசிய ஷரத்தை ஒட்டியே ‘இவற்றுக்குப் பொருந்தாது’ என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் பெரும்பாலும் அதில் இடம் உண்டு. சில அக்ரிமெண்டுகளில் வங்கி விட்டுப்போயிருக்கும். அப்படியானால் அவசரப்பட்டு நகலை நீட்டாமல், இன்ன வங்கிக்கு, இன்ன கடனுக்கு என்று குறிப்பிட்டு நிறுவனத்திடம் மெயிலில் அனுமதி கேளுங்கள். விலைப் பக்கங்களை மறைத்தே தருகிறேன் என்றால் மறுக்கக் காரணம் குறையும். போனில் ‘சரி, குடுங்க’ என்றால் நம்பிவிடாதீர்கள், எழுத்தில் வரட்டும்.

அரசு அதிகாரிகள் விஷயம் வேறு. ஜிஎஸ்டி சம்மனோ நீதிமன்ற உத்தரவோ வந்தால் அக்ரிமெண்டைக் காட்டித் தப்ப முடியாது. சட்டத்தை முடக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். அதிகாரியிடம் சொல்லியாயிற்றே என்று பக்கத்துக் கடைக்காரரிடமும் சொன்னால் அது மீறல்தான்.

இனி நண்டு மசாலா. ஒப்பந்தத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்ததும், ஊருக்கே தெரிந்ததும், நிறுவனத்தின் குறிப்பைத் தொடாமல் நீங்களே உருவாக்கியதும் ரகசியத்தில் சேராது என்பது வழக்கமான விதிவிலக்கு. ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது, அதைப் போடுவது யாருடைய ரகசியமும் இல்லை. அளவும் பக்குவமும்தான் தகராறுக்கு வரும். இது எங்கள் வீட்டு மசாலா என்று காட்ட வேண்டியவர் நீங்கள். மாமியார் அளவு எழுதிவைத்த நோட்டு, கல்யாண வீட்டுக்கு அரைத்துக் கொடுத்த பழைய பில், ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய வாட்ஸ்அப் செய்தி என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

ஆனால் ரகசியம் இல்லை என்பதாலேயே விற்கலாம் என்று ஆகிவிடாது. போட்டி வியாபாரம் செய்யக்கூடாது என்று தனி ஷரத்து இருக்கிறதா பாருங்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை அத்தகைய தடை பொதுவாகச் செல்லும். குஜராத் பாட்டிலிங் - கோகோ கோலா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் விற்காதே என்றால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி அது பொதுவாக நிற்காது.

அக்ரிமெண்டுடன் ராமநாதபுரத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு.