பத்திகள் ஒன்றோடொன்று கலந்து வருவது குறித்து

வருடிய நாளிதழ்ப் பக்கங்களை உரையாக்கும்போது பத்திகள் (பக்கத்தில் அருகருகே மேலிருந்து கீழாக ஓடும் நெடுவரிசைகள்) கலந்து வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். படிமத்திலுள்ள எழுத்துகளைப் படித்து உரையாக்கும் மென்பொருளான டெசராக்டைப் பக்கப் பிரிப்பு முறை (PSM) 6-இல் நீங்கள் ஓட்டியிருப்பதுதான், ஒரு பத்தியின் வரியோடு பக்கத்துப் பத்தியின் வரி ஒட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம். அந்த முறை நாளிதழ்ப் பக்கம் முழுவதையும் ஒரே சீரான உரைத்தொகுதியாகக் கொள்வதால், பத்திகளுக்கு இடையிலுள்ள கோட்டைத் தாண்டியே படித்துச் செல்கிறது. பக்க அமைப்பைத் தானாகவே பிரித்தறியும் முறை 3-க்கு மாற்றி அதே பக்கத்தை மீண்டும் ஓட்டுங்கள்.

அப்போதும் கலந்தால், பக்கம் சாய்ந்தோ வளைந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். தைத்துக் கட்டிய தொகுதிகளில் உள்விளிம்பை ஒட்டித் தாள் வளைந்திருப்பதால், பத்திகளுக்கு நடுவே உள்ள குறுகிய வெற்றிடமும் வளைந்துவிடுகிறது. அதை மென்பொருளால் பிரிகோடாக அறிய முடிவதில்லை.

ஒரே ஒரு பத்தியை மட்டும் வெட்டியெடுத்து, அதை முறை 6-இல் ஓட்டிப் பாருங்கள். எழுத்துகள் சரியாக வந்தால், பிழை பக்க அமைப்பைப் பிரிப்பதில்தான் இருக்கிறது. அங்கும் எழுத்துகள் சிதைந்தால், அங்குலத்துக்கு 300 அல்லது 400 புள்ளி அடர்த்தியில், சாம்பல் நிறத்தில் மறுபடி வருடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். பத்திகளை வெட்டி ஓட்டினால், ஒவ்வொரு சொல்லின் இட அளவும் அந்தத் துண்டின் மூலையிலிருந்தே கணக்கிடப்படும். துண்டு முழுப்பக்கத்தில் தொடங்கும் இடத்தைக் கூட்டிய பிறகே ஆல்ட்டோ (ALTO) கோப்பில், அதாவது ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் இருக்கும் இடத்தைக் குறித்துவைக்கும் கோப்பில், எழுத வேண்டும், இல்லையெனில் ஆய்வாளர் தேடும் சொல் பக்கத்தில் வேறெங்கோ ஒளிரும். மூல டிஃப் (TIFF) படிமங்களை வெட்டவோ திருத்தவோ வேண்டாம். எல்லாவற்றையும் நகல்களிலேயே செய்யுங்கள்.