எந்த பாய்ரோவிலிருந்து தொடங்குவது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். துப்பறிவாளர் பாய்ரோ வரும் அகதா கிறிஸ்டி நாவல்கள் என்றால் உயிர். ஆசையாக 2017-இல் வந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் படத்தைப் போட்டோம். பாதியிலேயே “இவர் பாய்ரோவே இல்லை” என்று எழுந்து போய்விட்டாள். அவளுக்கு எதைக் காட்டலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மகள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. பாய்ரோவின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், தலை முட்டை வடிவம். உடம்பில் குண்டு பாய்ந்தால்கூடத் தாங்கிக்கொள்வார், உடையில் தூசி ஒட்டினால் தாங்கமாட்டார் என்று முதல் நாவலிலேயே அவருடைய நண்பர் ஹேஸ்டிங்ஸ் சொல்லிவிடுகிறார். அப்படிப்பட்டவர் இந்தப் படத்தில் பாலத்துச் சாரத்தில் ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடினால், நாவலில் ஊறியவளுக்கு உறுத்தத்தான் செய்யும். மீசையைக்கூட நான் பெரிதுபடுத்த மாட்டேன். இதே கதையை எடுத்த 1974 படத்தில் பாய்ரோவாக நடித்த ஆல்பர்ட் ஃபின்னியின் மீசை போதாது என்று கிறிஸ்டியே குறைப்பட்டார், ஆனாலும் அது நல்ல படம். 2017 படத்தின் பாய்ரோவான கென்னத் பிரானா, இரண்டு முட்டைகளும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிற தொடக்கக் காட்சியும் எனக்குப் பிடிக்கும். அந்த இடத்தில் அவர் பாய்ரோதான்.

டேவிட் சூஷே பாய்ரோவாக நடித்த தொலைக்காட்சித் தொடரைக் காட்டுங்கள். 1989 முதல் 2013 வரை 70 படங்கள். அவர் கதைகளை வரிவரியாகப் படித்து, காபிக்கு எத்தனை கட்டி சர்க்கரை என்பது வரை 93 குறிப்புகள் எழுதிவைத்துக்கொண்டு நடித்தவர். ஆரம்ப நாட்களில் ஒரு பூங்காக் காட்சி. பெஞ்சில் கைக்குட்டையை விரித்து அதன்மேல்தான் உட்காருவேன் என்றார் சூஷே. பார்க்க அபத்தமாக இருக்கும் என்றார் இயக்குநர். சூஷே விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கைக்குட்டைதான் ஜெயித்தது. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பெஞ்சின் தூசியைக் கவனிக்கிற கண்தானே கொலைகாரனின் சின்னப் பிசகையும் கவனிக்கிறது!

சூஷே நடித்ததிலும் ஓரியண்ட் எக்ஸ்பிரஸை உடனே போடவேண்டாம். 2010-இல் வந்த அது மிகவும் இறுக்கமானது, இரண்டு வருடம் போகட்டும். தொடரின் முதல் கதை, லண்டனின் கிளாப்பம் பகுதியில் காணாமல் போன சமையல்காரியைப் பற்றியது. சிறுகதைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அவள் முதலில் படிக்கட்டும், பிறகு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். சமையல்காரியைத் தேடுவதா என்று பாய்ரோ முதலில் மறுக்கிறார். வந்த அம்மாள் விடுவதாயில்லை. சீமாட்டிக்கு முத்துமாலை எப்படியோ, எனக்கு நல்ல சமையல்காரி அப்படி என்று பிடிபிடியென்று பிடிக்கிறாள். கர்வம் அடிபட்டு, ஒரு கணம் கழித்து அவள் சொல்வதுதான் சரி என்று பாய்ரோ இறங்கிவருகிறார். அந்த ஒரு கணத்துக்கு சூஷேயின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.