இரண்டு அடாப்டர், ஒரு ரவுட்டர்

கேள்வி: இன்டர்நெட் போன் அடாப்டர் (சாதாரண போனை இன்டர்நெட்டில் இணைக்கும் பெட்டி) இரண்டு சும்மா கிடக்கிறது. மேல் வீட்டில் ஒன்று, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கீழ் வீட்டில் ஒன்று வைத்து, யாருக்கும் மாதக் கட்டணம் கட்டாமல் பேச முடியுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாகப் பேசலாம், நடுவில் சர்வரே வேண்டாம். இரண்டையும் ஒரே ரவுட்டரில் மாட்டி, 192.168.1.21, 192.168.1.22 என்று மாறாத ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தந்தப் பெட்டியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கரன்ட் போய் வரும்போது (மழைக்காலத்தில் நம் மலையில் கேட்கவே வேண்டாம்) முகவரி மாறிப்போய், மணியே அடிக்காது. இரண்டிலும் எஸ்ஐபி (இன்டர்நெட் போன் அழைப்பை இணைக்கும் முறை) போர்ட் 5060 என்று இருக்கட்டும். அப்புறம், ஐபிக்கு நேரடியாக அழைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். கிராண்ட்ஸ்ட்ரீம் கம்பெனி அடாப்டர் என்றால் போனில் *47 அழுத்தி, புள்ளிக்குப் பதில் நட்சத்திரம் போட்டு அடுத்த வீட்டு அடாப்டரின் முகவரியை அடித்தால் போதும். ஒரு கம்பெனி சேவைக்கென்றே பூட்டி விற்ற அடாப்டராக இருந்தால் செட்டிங்கைத் தொடவே விடாது. கீழ் வீட்டுக்கு லேன் கேபிள் இழுப்பதாக இருந்தால் 100 மீட்டருக்குள் இருக்கட்டும்.