அந்தத் தூண் யார் வீட்டுத் தூண்?

அன்புள்ள டீச்சர்,

போன மாதம் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனேன். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த ‘நம்பர் 11’ வீட்டைக் கட்டாயம் பார்க்கும்படி எங்கள் விரிவுரையாளர் சொல்லியிருந்தார். கொழும்பு 3இல் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. வெளியே அத்தனை வெயிலும் இரைச்சலும். உள்ளே நீண்ட வெள்ளை நடை, சின்னத் தண்ணீர்த் தொட்டி, செட்டிநாட்டுப் பழைய தூண்கள், மேலேயிருந்து இறங்குகிற வெளிச்சம். எனக்குப் பேச்சு வரவில்லை. கூட வந்தவர்கள் படம் எடுப்பதிலேயே நேரத்தைக் கழித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனம் சரியாக இல்லை. ரிக்கற் விலை எங்களைப் போன்ற மாணவர்களுக்கு மிக அதிகம். அதைவிட, வன்னியில் இப்படிக் காட்ட ஒரு வீடுகூட இல்லையே என்று நினைத்தேன். எல்லாம் போய்விட்டது, எங்களிடம் ஒன்றுமே இல்லை. இனி ஒரு நினைவு இல்லம் அமைப்பதென்றால் யாருடைய வீட்டை அமைக்கலாம்? வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனுக்கு ஒன்று கட்டினால் என்ன?

க., அறிவியல்நகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

ரிக்கற் விலையை விடும். ஒரு பழைய வீட்டை ஈரமும் கறையானும் தின்னாமல் வைத்திருக்கக் காசு வேண்டும், அதை யாராவது கொடுக்கத்தான் வேண்டும். மாணவருக்குக் குறைப்பு உண்டா என்று நீர் கேட்டிருக்கலாம். கேட்டிருக்கமாட்டீர், கூச்சம். படம் எடுத்தவர்கள் எடுத்துவிட்டுப் போகட்டும். அதற்கும் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

உமது கடிதத்தை எடுத்துவைத்ததற்குக் காரணம் அந்தத் தூண்கள்.

எங்கள் ஒழுங்கையில், முள்ளியவளையில், ஒரு பழைய வீடு இருக்கிறது. சண்டைக்குப் பிறகு ஆமிக்காரர் அதற்குள் இருந்தபடியால் கூரை தப்பியது. அக்கம்பக்கத்து வீடுகளின் ஓடும் தீராந்தியும் யன்னலும் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது, இந்த வீட்டில் மட்டும் முதிரை மரக் கதவுநிலைகள் அப்படியே நிற்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில். காணியை விற்கப்போகிறார்களாம். அதற்கு முன் லொறியோடு இரண்டு பேர் வந்து நிலைகளையும் வாசல் கதவையும் தட்டிப்பார்த்து விலை பேசிவிட்டுப் போனார்கள். தெற்கில் ஒரு ஹோட்டலுக்காம். நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமைதான் உமது கடிதம் வந்தது, செட்டிநாட்டுத் தூண்களைப் புகழ்ந்து.

அழகான தூண்கள்தான். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தம்பி, எஞ்சினியரிங் படிக்கிற உமக்கு நான் சொல்லவேண்டுமா? தூண் என்பது எதையாவது தாங்குவதற்காகச் செய்வது. அது கொழும்பில் வந்து நிற்கிறதென்றால், அது தாங்கிய கூரை எங்கேயோ இறங்கியிருக்கிறது. யாருடைய கூரை? எந்த ஊர்? அதைச் செதுக்கிய ஆசாரி யார்? வழிகாட்டியிடம் இதைக் கேட்டீரா? வெளிச்சத்தைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறீர், இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

செட்டிநாட்டு வீடுகளின் கதை உமக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்கவேண்டும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்த காசில் எழுந்தவை அவை. பர்மாத் தேக்கு கப்பலேறி வந்தது. கொழும்புச் செட்டியார் தெருவின் பெயரே அவர்கள் இங்கே இருந்ததற்குச் சாட்சி. உலக யுத்தமும், பர்மாவில் நிலமும் தொழிலும் கையைவிட்டுப் போனதும் சேர்ந்து அந்தச் செல்வத்தை முறித்தன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், பராமரிக்க ஒருவரும் இல்லை. கழற்றி விற்றார்கள். காரைக்குடியில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன: தூண், நிலை, ஊஞ்சற்பலகை, எனாமல் தட்டு எல்லாம் எடுக்கலாம். இலங்கைக் கடன்காரன் கட்டிய வட்டியும் சேர்ந்து எழுப்பிய அந்த வீடுகளிலிருந்து தூண் திரும்பவும் கடல் தாண்டி இலங்கைக்கே வந்தது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறென்னவோவும் வருகிறது.

பாவாவை நான் குறைசொல்வதாக நினைக்காதேயும். 1958இல் அந்த ஒழுங்கையில் வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளில் மூன்றாவதில்தான் அவர் குடிபுகுந்தார். பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகக் காலியாக எடுத்து, பத்து வருசத்துக்குள் நாலையும் ஒரே வீடாக்கினார். பிறகும் விடவில்லை, பல வருசமாக இடிப்பதும் திறப்பதும் பூசுவதுமாகவே இருந்தார். கோட்டேயில் பாராளுமன்றம் கட்டிய மனுசன், தன்னுடைய வீட்டில் எந்தச் சுவரையும் முடிந்த சுவராக விடவில்லை. எறிந்துவிடக்கூடிய கதவுக்கும் தூணுக்கும் இடம் பார்த்து வைத்தார். அந்தக் கண் எல்லோருக்கும் வராது. அவர் எடுக்காமல் விட்டிருந்தால் அந்தத் தூண் விறகாகியிருக்கலாம். எல்லாம் சரி. அதற்காக எங்கிருந்து வந்ததென்று நாங்கள் கேட்காமல் விடவேண்டுமா?

இன்னொன்று சொல்கிறேன், இது உமது விரிவுரையாளருக்கும் தெரிந்திருக்கும். பத்திக் துணிக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்கு பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேசில் ஒரு வீடு கட்டினார். நகரத்தில் சின்னக் காணியில், மதிலுக்குள் முற்றத்தைச் சுற்றி எப்படி வாழலாம் என்று காட்டிய வீடு. 2009ஆம் ஆண்டளவில் அந்தக் காணி கைமாறியது. வீட்டை இடிக்க விடவில்லை. கல், ஓடு, மரம் எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டு, அளந்து, வரைந்து, கழற்றி, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் தோட்டமான லுணுகங்கவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். 2016இல் திறந்தார்கள். ஒரு வீட்டுக்கு இதைவிட மரியாதை யார் செய்ய முடியும்?

என் சித்தப்பாவும் வீட்டைக் கழற்றினார். அக்கராயனில், 2008இல். மேசன் வேலையும் தெரியும், தச்சுவேலையும் தெரியும், தன் வீட்டைத் தானே கட்டினவர். சண்டையில் செல் குண்டு கிட்ட விழத் தொடங்கியதும் முதலில் ஓட்டை இறக்கினார். பிறகு தீராந்திகள், சலாகைகள், கதவுகள். நிலைகளை எடுக்கச் சுவரை உடைக்கவேண்டும், உடைத்தார். ஒவ்வொரு மரத்திலும் கரிக்கட்டியால் குறி போட்டார், எது தெற்குப் பக்கம், எது முகட்டுக்குக் கிட்ட என்று. சித்தி பேசினா, “உயிர் போற நேரத்தில கணக்கெழுதுறியளோ?” என்று. திரும்பி வந்து பூட்டும்போது தெரியவேண்டுமே என்றார். எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் தருமபுரம்வரை வந்தது. ஓடு அங்கேயே நின்றுவிட்டது. சுதந்திரபுரத்தில் கதவுகளை பங்கருக்கு மேலே போட்டு, சித்தியின் சேலைகளில் தைத்த மண்மூட்டைகளை அதன்மேல் அடுக்கினோம். நல்ல கதவு, தாங்கியது. மாத்தளனுக்குப் போகும்போது கையில் ஒரு நிலைத்துண்டுகூட இல்லை. மெனிக் பாம் அகதி முகாமில் எங்கள் கூடாரத்துக்கு இலக்கம் போட்டார்கள். சித்தப்பா அந்த இலக்கத்தை ஒருநாளும் மனப்பாடம் செய்யவில்லை, யாராவது கேட்டால் சித்தியைப் பார்ப்பார்.

ஆகவே “எங்களிடம் ஒன்றுமே இல்லை” என்று இனிமேல் எனக்கு எழுதாதேயும். உமக்கு இருபத்திரண்டு வயது இருக்குமா? வீட்டைக் கழற்றிக் குறிபோட்டுத் தூக்கிக்கொண்டு நடந்த சனத்தின் பிள்ளை நீர். ஒன்றும் இல்லை என்று சொல்வது சுகமான வேலை. சொல்லிவிட்டால் பிறகு ஒன்றும் செய்யத் தேவையில்லை. உமது பேரன் பேத்தியும் இதையே சொல்லிக்கொண்டு கொழும்புக்கு ரிக்கற் எடுப்பார்கள்.

நீர் கேட்ட கேள்வி எது? ஆம், யாருடைய வீடு.

பண்டாரவன்னியன் வேண்டாம். வவுனியாவில் சிலை இருக்கிறது, போதும். அவர் இருந்த வீட்டை யாரும் பார்த்ததில்லை. நாங்கள் கட்டினால் சீமெந்தில் சினிமாக்காரரின் அரண்மனைதான் கட்டுவோம், வாசலில் இரண்டு சிங்கமோ புலியோ வைத்து.

காட்சிக்கு வீடு இல்லையென்றும் சொல்லமுடியாது. புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் இருந்த நிலக்கீழ் வீட்டைப் பார்க்க 2009க்குப் பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். அதை 2013 ஒக்டோபரில் தகர்த்துவிட்டார்கள். அப்போது இங்கே குடியிருந்த சனம் பாதி தகரக் கொட்டிலில். வருகிறவர்கள் பங்கரைப் பார்த்துவிட்டுப் போகும் வழியில் எங்களையும் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு போவார்கள். அதைப்பற்றி இதற்குமேல் எழுதினால் கடிதம் வேறு பக்கம் போய்விடும்.

எனக்கு வேண்டியது பெரிய மனிதர் வீடு இல்லை. ஒரு கமக்காரர் வீடு. முற்றம், மால், தனியே நிற்கும் குசினி, அதன் புகை படிந்த முகடு, நெல்லுப் போட்டு வைத்த கொம்பறை. குனிந்துதான் உள்ளே போகவேண்டிய நிலை, அதன் உயரம் எத்தனை முழம்? திண்ணை எத்தனை அகலம், எத்தனை பேர் படுக்கலாம்? எந்த மரம் எதற்கு: முதிரை நிலைக்கு, பாலை தூணுக்கு என்று சும்மா சொல்லிவிடுவோம், எங்கே வெட்டினார்கள், யார் இழுத்துவந்தார்கள், எந்த மாதத்தில் வெட்டினால் உளு விழாது? இதெல்லாம் இப்போது எழுபது எண்பது வயதுக் கிழவன் கிழவிகளின் தலைக்குள்தான் இருக்கிறது. வீடு போனாலும், அந்த வீட்டில் கூட்டிப் பெருக்கிய ஆச்சி இருக்கிறா. எந்த மூலையில் தண்ணி ஒழுகியது என்றுகூடச் சொல்லுவா. அவவோடு இருந்து, அவ சொல்லச் சொல்ல நீர் வரைந்தால் வீட்டின் படம் வரும். கோயிலுக்குப் போய் ஓவியம் வரைவதுபோல் வேண்டாம். அளவு போட்டு, எங்கே நெருப்பு, எங்கே தண்ணி, எங்கே பெண்கள் படுத்தார்கள், எங்கே மாட்டுக்குக் கஞ்சி வைத்தார்கள் என்று எழுதி.

குடியேற்றத் திட்ட வீடுகளையும் விடவேண்டாம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் காடு வெட்டிக் காணி பெற்றவர்களின் முதல் வீடு எப்படி இருந்தது என்று உருத்திரபுரத்தில் கேளும், கண்டாவளையில் கேளும். முத்தையன்கட்டில் படித்த வாலிபர் திட்டத்தில் மிளகாய் நட்டவர்கள், 70களில் இறக்குமதித் தடையால் நல்ல காசு பார்த்தவர்கள், அவர்கள் அந்தக் காசில் எந்த அறையை முதலில் கட்டினார்கள்?

அப்புறம் எங்கள் புது வீடுகள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாகத் தந்து எங்களையே கட்டச் சொன்ன வீடுகள். அவற்றை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்கிறீர், எல்லாம் ஒரே மாதிரி என்று. பின்பக்கம் போய்ப் பாரும். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் கிடுகிலோ தகரத்திலோ ஒரு கொட்டில் இருக்கும். திட்டத்தில் குசினி உண்டு, ஆனால் சமையல் கொட்டிலில், விறகில். அந்தக் கொட்டிலை எந்த எஞ்சினியரும் வரையவில்லை. 2016இல் 65,000 உருக்கு வீடு தருகிறோம் என்று அரசாங்கம் வந்தபோது, அடுப்பு எங்கே வைப்பது, இந்த வெயிலில் உள்ளே எப்படி இருப்பது என்று எங்கள் சனம் கேட்டதும் அதனால்தான். அந்தக் கேள்வி தெரிந்த பெண்களிடம் போய்க் கேட்டு எழுதினால் உமது பட்டத்துக்கு ஓர் ஆய்வாகவும் ஆகும். சோதனைக்கு ஆகுமோ தெரியாது, அது உமது விரிவுரையாளரின் விசயம்.

வீடு காட்சிக்கு நிற்குமா நிற்காதா என்பது பிறகு. காணி வேண்டும், காசு வேண்டும், பிரதேச சபை வேண்டும், தலைவர் யாரென்று ஒரு சண்டை வேண்டும். அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். அளப்பதற்கு இவை ஒன்றும் தேவையில்லை.

எங்கள் ஒழுங்கை வீட்டு நிலைகள் இன்னும் போகவில்லை. சொந்தக்காரப் பெண்ணோடு போனில் பேசினேன். விற்பதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அவவுக்கும் காசு தேவை. ஆனால் அளந்து வரைய விடுங்கோ என்று கேட்டேன், “அதுக்கென்ன டீச்சர்” என்றா. லொறிக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன், எந்த ஹோட்டலுக்குப் போகிறதோ அங்கே இது முள்ளியவளையில் இன்னாருடைய வீட்டு நிலை என்று ஒரு பலகை வைக்கவேண்டுமென்று. சிரித்தார்கள். சிரிக்கட்டும், எழுத்தில் கேட்கப்போகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலமை வாரும். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாரும், அளக்கிற ரேப்பின் மற்ற நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும், எனக்கு முழங்கால் குனியாது. சட்டைப்பையில் வைக்கிற சின்ன ரேப்பைக் கொண்டுவந்து நிற்காதேயும், நீளமானதாகப் பல்கலைக்கழகத்தில் கேட்டு எடும். சாப்பாடு இங்கே. மத்தியானம் பக்கத்து வளவு ஆச்சி வருவா, அந்த வீட்டில் வேலை செய்தவ. அவவிடம் முதலில் குசினியைப் பற்றிக் கேளும். தூணைப் பற்றி அவவே சொல்லுவா.

அன்புடன்,
டீச்சர்