ஆராய்ச்சியை விட்டுவிட்டு, கற்பித்தலை மட்டும் நம்பி பொறியியல் துறையில் பேராசிரியராகச் சேரலாமா? அது ஆராய்ச்சியில் தேறாதவர்களுக்கான வேலையா?

கேள்வியின் முதல் பாதி மட்டும் இருந்திருந்தால் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். "தேறாதவர்களுக்கான வேலையா" என்ற இரண்டாவது பாதிதான் உட்கார வைத்துவிட்டது. இதையே இன்னும் கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் பதினொரு வருடமாகக் காதில் வாங்கிக்கொண்டிருப்பவன் நான்; என் வேலையும் கற்பித்தல் மட்டும்தான். "நீங்க கிளாஸ் ரொம்ப நல்லா எடுப்பீங்களாமே" என்று ஆராய்ச்சிப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் சொன்னால், அதில் பாராட்டு எத்தனை பங்கு, அனுதாபம் எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்க்க இப்போது பழகிவிட்டது.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன், தவறென்றால் மன்னியுங்கள். பிஎச்.டி. முடியும் தறுவாயில் இருக்கிறீர்கள், அல்லது அதற்கடுத்த தற்காலிக ஆராய்ச்சி வேலையான போஸ்ட்டாக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். டுடோரியல் வகுப்பு எடுத்த நாள்களில்தான் வீட்டுக்குச் சந்தோஷமாகப் போயிருக்கிறீர்கள். இதைக் கைடிடம் சொன்னதும் "உன் திறமைக்கு இதுவா?" என்று கேட்டிருப்பார். என் கைடு அப்படிக் கேட்கவில்லை. பேச்சை மாற்றிவிட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

நான் தேறாதவனா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உலோகங்களில் களைப்பு விரிசல், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் விழும் விரிசல், எப்படி வளர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பேப்பர்கள் வந்தன, ஓரளவு பேர் மேற்கோளும் காட்டினார்கள். சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சரி, சொல்லிக்காட்டத்தான் சொல்கிறேன். ஆனால் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு கிராண்ட் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கொட்டாவி வரும், மறுநாள் வகுப்புக்குக் கணக்கு யோசிக்க உட்கார்ந்தால் இரவு ஒரு மணி ஆவது தெரியாது. அவ்வளவுதான் காரணம்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாக. இதற்குப் பெயரே ஊருக்கு ஒன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் விதிப்புத்தகத்தில் 'லெக்சரர் வித் செக்யூரிட்டி ஆஃப் எம்ப்ளாய்மென்ட்' என்று நீட்டி முழக்கியிருப்பார்கள், அதே ஆள் வெளியில் 'டீச்சிங் புரொஃபசர்' என்று போட்டுக்கொள்ளலாம். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் 'டீச்சிங் ஸ்ட்ரீம்' என்று தனித் தடமே இருக்கிறது. உதவி, இணை, முழுப் பேராசிரியர் என்ற படிகள் அதிலும் உண்டு. வேறு இடங்களில் வெறும் லெக்சரர், வெறும் இன்ஸ்ட்ரக்டர். பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஆராய்ச்சித் தடத்தில் இருப்பவர் செமஸ்டருக்கு ஒன்றோ இரண்டோ பாடம் எடுத்தால் நமக்குப் பெரும்பாலும் மூன்று வரும். அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளின் பெரிய வகுப்புகள், யாரும் விரும்பி வாங்காதவை. எனக்கு வாய்த்தது ஸ்டாடிக்ஸ்: நகராமல் நிற்கும் பொருள்களின் மீது விசைகள் எப்படிச் சமன்படுகின்றன என்கிற பாடம். மெக்கானிக்கல், சிவில் இரண்டு பிரிவு மாணவர்களும் இந்த வாசலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

இனி என் கதை. முதல் இரண்டு வருடம் நான் ஸ்டார். பலகையில் நாலு நிறச் சாக்பீஸில் ஃப்ரீ பாடி டயகிராம் போடுவேன், அதாவது பொருளைத் தனியாக வரைந்து அதன் மீதுள்ள விசைகளையெல்லாம் அம்புகளாகக் காட்டும் படம். ஒரு கோடு பிசகாது. வகுப்பு முடிந்தால் சில நாள் கைதட்டலே விழும். செமஸ்டர் கடைசியில் மாணவர்கள் தரும் மதிப்பீட்டில் ஐந்துக்கு 4.6.

மூன்றாம் வருடம், உராய்வுப் பாடம் முடித்து இரண்டு வாரம் கழித்து, ஏதோ ஒரு நினைப்பில் ஒரு கேள்வி போட்டேன். 100 நியூட்டன் எடையுள்ள ஒரு மரக்கட்டை தரையில் இருக்கிறது. நிலை உராய்வுக் கெழு 0.3. அதைக் கிடைமட்டமாக 10 நியூட்டன் விசையால் இழுக்கிறேன், கட்டை அசையவில்லை. உராய்வு விசை எவ்வளவு?

கணக்கே இல்லாத கணக்கு. கட்டை நகரவில்லை என்றால் இழுக்கும் விசையும் உராய்வும் சமம், ஆக 10. கெழுவையும் செங்குத்து விசையையும் (இங்கே கட்டையின் எடை அளவு) பெருக்கி வரும் 30 என்பது உராய்வு அதிகபட்சம் எவ்வளவு வரை தாங்கும் என்பதற்கான எல்லை மட்டுமே. நூற்று நாற்பது பேர் இருந்த வகுப்பு. 30-க்குக் கை தூக்கச் சொன்னேன். காடு மாதிரி எழுந்தன கைகள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், இடைத்தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள், அவளும் தூக்கியிருந்தாள்.

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்: "பத்து நியூட்டன் விசையால வலது பக்கம் இழுக்கிறேன், முப்பது நியூட்டன் விசையால உராய்வு இடது பக்கம் தள்ளுது. அப்போ கட்டை எந்தப் பக்கம் போகும்?" வகுப்பு அமைதியானது. அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "பின்னாடி வருமா, சார்?" இழுத்தால் பின்னோக்கி ஓடும் மரக்கட்டை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருடமாக நான் கற்பித்ததெல்லாம் எந்தச் சூத்திரத்தில் எந்த எண்ணைப் போடுவது என்பதைத்தான்.

இந்தத் தவறு என் வகுப்பின் தனிச்சொத்து இல்லை என்று பிறகு தெரிந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துப் பால் ஸ்டைஃப் ஸ்டாடிக்ஸுக்கென ஒரு கருத்துச் சோதனை உருவாக்கியிருக்கிறார்: கணக்குப் போடத் தெரிகிறதா என்று பார்க்காமல், அடிப்படைக் கருத்து புரிந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அதில் உராய்வுக்குத் தனியாகவே கேள்விகள் உண்டு. ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991-லேயே, மாணவர்களிடம் கேள்வியைப் போட்டு, அவர்களை ஒருவருக்கொருவர் வாதாடவிட்டுப் பாடம் நடத்தத் தொடங்கியிருந்தார். 2014-ல் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள்: அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களைச் செயலில் இறக்கும் வகுப்புகளில் 21.8. நான் இதில் எதையும் படிக்காமல்தான் இரண்டு வருடம் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த செமஸ்டர் எல்லாவற்றையும் மாற்றினேன். நாலு நிறச் சாக்பீஸ் போனது. கேள்வி, வாக்கெடுப்பு, பக்கத்தில் இருப்பவனோடு சண்டை, மறு வாக்கெடுப்பு. வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருந்தது. படம் வரையாமல் சமன்பாடு எழுதினால் மதிப்பெண் கிடையாது என்றேன். முணுமுணுத்தார்கள்.

மதிப்பீடு வந்தது: 3.7. கீழே எழுதியிருந்தவற்றில் ஒன்று இன்றைக்கும் மனப்பாடம். "இவர் பாடம் நடத்துவதில்லை. எங்களையே படிக்க வைக்கிறார்." புகாராகத்தான் எழுதியிருந்தான்.

அந்த வருடம்தான் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டிய வருடம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும். குழுவில் இருந்த மூவரும் ஆராய்ச்சியாளர்கள். தங்கள் லேபில் அளவீட்டுப் பிழை எவ்வளவு என்று போடாமல் ஒரு புள்ளிகூட வரைய மாட்டார்கள். அவர்கள் என் 4.6-ஐயும் 3.7-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "சரிவு தெரிகிறதே" என்றார்கள். எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மரக்கட்டைக் கேள்வியில் சரியான விடை சொன்னவர்கள் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று ஒரு தாள் கொண்டுபோயிருந்தேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசை ஓரத்தில் வைத்தார்கள்.

மூன்று வருடம் கேட்டேன், ஒரு வருடம் கொடுத்தார்கள். கற்பித்தலின் அருமை புரிந்து கொடுத்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். துறைத் தலைவர் பிறகு ஒருநாள் நடைபாதையில் உண்மையைச் சொல்லிவிட்டார்: "நீங்க போயிட்டா அந்த மூணு செக்‌ஷனை யாருய்யா எடுக்கிறது?"

ஒரே ஒரு ஆறுதல் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. என் மாணவர்களுக்கு அடுத்த செமஸ்டரில் டைனமிக்ஸ், அதாவது நகரும் பொருள்களின் பாடம், எடுக்கிறவர் என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். ஒருநாள் என் அறை வாசலில் நின்றுகொண்டே, "இந்த பேட்ச் சொல்லாமலே படம் போடுறாங்களே, என்ன பண்ணீங்க?" என்றார். எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். இரண்டு வரி கொடுத்தார். மறு வருடம் அந்த இரண்டு வரியும் கோப்பில் இருந்தது, மூன்று வருடமும் கிடைத்தது. அதனால்தான் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

2019-ல் ஹார்வர்டில் டெலோரியே குழுவினர் செய்த ஆய்வு வந்தபோது அதை அச்செடுத்து என் கதவிலேயே ஒட்டினேன், சின்னத்தனம்தான். இயற்பியல் மாணவர்கள் செயல்வழி வகுப்பில் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள் என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய வருடமே கனடாவில், அப்போது ரையர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் சங்க வழக்கில், மாணவர் மதிப்பீடுகளை வைத்துக் கற்பிக்கும் திறனை அளந்து பதவி உயர்வு முடிவு செய்யக் கூடாது என்று நடுவர் தீர்ப்பளித்திருந்தார். எங்கள் இடத்தில் இன்றும் அந்த எண்தான் முதல் பக்கத்தில் இருக்கிறது.

ஆராய்ச்சி செய்கிறவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த மிகச் சிறந்த ஆசிரியர்களில் இருவர் பெரிய ஆராய்ச்சியாளர்கள். கற்பித்தல் தடத்தில் வந்து, பத்து வருடப் பழைய ஸ்லைடை அப்படியே ஓட்டிவிட்டுச் சம்பளம் வாங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் 4.5 வருகிறது. தேர்வை எளிதாக வைத்தால் வரும்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன், யாரிடமும் சொல்ல முடியவில்லை. பரிந்துரைக் கடிதம். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்தால் என் இன்பாக்ஸ் நிரம்பிவிடும். ஆராய்ச்சிப் பேராசிரியருக்கு அவர் லேபில் இருந்த ஐந்து பேரைத்தான் தெரியும், எனக்குத் துறையில் உள்ள அத்தனை பேரையும் தெரியும். ஆகவே அத்தனை பேரும் வருவார்கள். ஆளுக்கு எட்டுப் பல்கலைக்கழகம், எட்டுக்கும் எட்டு இணையதளம், எட்டிலும் என் தொலைபேசி எண்ணைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். பிறகு ஒரு கட்டம்: இந்த மாணவர் நீங்கள் பார்த்தவர்களில் முதல் 1 சதவீதமா, 5 சதவீதமா, 10 சதவீதமா? 140 பேர் வகுப்பில் முதல் ஒரு சதவீதம் என்பது ஒன்றே காலுக்குக் கொஞ்சம் மேலான ஆள். அந்த ஒன்றே கால் ஆளை நான் எங்கே போய்த் தேடுவது? 5 சதவீதம் என்று உண்மையைப் போட்டால் பையனுக்கு இடம் கிடைக்காது என்கிறார்கள். போன வருடம் அறுபதுக்கு மேல் எழுதினேன். ஆண்டறிக்கையில் இதைக் குறிப்பிட ஒரு வரிகூட இல்லை. மாநாட்டில் ஒரு போஸ்டர் ஒட்டினால் அதற்கு இருக்கிறது. சரி, விடுங்கள்.

உங்களுக்கு வருகிறேன். சேரலாம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் வகுப்பு நன்றாக எடுத்தால் அது தானாக நாலு பேருக்குத் தெரியும் என்று நம்பிச் சேராதீர்கள். பேப்பர் அச்சானால் உலகமே பார்க்கும். ஒருவன் தலைக்குள் மரக்கட்டை பின்னால் ஓடுவது நின்றால் அதை யார் பார்ப்பது? முதல் செமஸ்டரிலிருந்தே நீங்களே ஆதாரம் சேர்க்க வேண்டும். பாடத் தொடக்கத்தில் ஒரு கருத்துச் சோதனை, முடிவில் அதே சோதனை. உங்கள் பாடத்துக்கு அடுத்த பாடம் எடுப்பவரிடம் போய்க் கேளுங்கள், அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். எழுத ஆசை இருந்தால் பொறியியல் கல்வி ஆராய்ச்சி என்று ஒரு துறையே இருக்கிறது, பர்டூ பல்கலைக்கழகத்தில் 2004-லிருந்து அதற்குத் தனித் துறை உண்டு. எழுதியே ஆகவேண்டும் என்றில்லை, நான் அதிகம் எழுதவில்லை.

இன்டர்வியூவில் உங்கள் மாதிரி வகுப்பைப் பார்க்க யார் யார் வருகிறார்கள் என்று கவனியுங்கள். எனக்கு நடந்த ஒன்றில் மாணவர்கள் ஒருவரும் இல்லை, ஆறு பேராசிரியர்கள் உட்கார்ந்து இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மாதிரி நடித்தார்கள், அதில் ஒருவர் லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைக்கவில்லை, நல்லதாயிற்று. துறைக் கூட்டத்தில் நமக்கு ஓட்டு உண்டா, எந்தப் பாடம் என்று முடிவு செய்வதில் நமக்குக் குரல் உண்டா, கடைசியாக இந்தத் தடத்தில் முழுப் பேராசிரியர் ஆனவர் யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆஃபர் கடிதத்தில், எதை வைத்துக் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்கள் என்ற பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என்னுடையதில் "கற்பித்தலில் சிறப்பு" என்று இரண்டே வார்த்தைதான் இருந்தது, நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.